கோடை வெயிலில் பிள்ளைகள்



மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்குகிறது. விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. காலையும் மாலையும் விளையாடட்டும். பகல் 12 முதல் 3 மணி வரை நிழலில் இருக்கட்டும். தாகம் எடுக்குமுன்னே தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் கொடுங்கள்.

விளையாடும் பிள்ளை தலைசுற்றி, பிதற்றி, உடல் நெருப்பாய்ச் சுட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல, வெப்பத் தாக்கு. உடல் சூடு 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். காய்ச்சல் மாத்திரை இதைத் தணிக்காது. உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குத் தூக்கி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலும் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். தாமதியாமல் நீங்கள் ஊற்றும் அந்த முதல் குடம் தண்ணீரே முதல் மருந்து. இதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.