நெருப்பிற் பிறந்த கல்

உறுதிக்கு உவமை கூறுவோர் கல்லையே காட்டுவர். அக்கல்லும் ஒருகாலத்திற் குழம்பாய் இருந்தது என்றால் நம்புதல் அரிது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் பலரும் நம்பவில்லை. கிறனைற், பசோல்ற் முதலியன ஆதிக்கடல் நீரிலிருந்து படிந்தவை என்றே ஜேர்மனிய ஆசிரியர் வேர்ணர் போதித்தார்.

ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஹற்றன் இதனை மறுத்தார். 1785இல் கிளென் ரில்ற் என்னும் பள்ளத்தாக்கிலே, கரும்பாறையை ஊடறுத்துச் செந்நிறக் கிறனைற் நரம்புகள் ஓடுவதைக் கண்டார். உருகிய குழம்பே இவ்வாறு புகமுடியும் என்பது அவர் துணிபு. எதிர்ப்பாளரோ, உருகியது ஆறினாற் கண்ணாடியாகுமேயன்றிக் கல்லாகாது என்றனர்.

இதற்கு விடை கண்டவர் ஹற்றனின் இளைய நண்பர் ஜேம்ஸ் ஹோல். பூமியின் பெருஞ்செயலைச் சிற்றுலையில் அளக்கலாகாது என்று ஹற்றன் கருதியமையால், அவர் வாழ்ந்த காலத்தில் ஹோல் ஆய்வை வெளியிடாது பொறுத்திருந்தார். ஹற்றன் 1797இல் மறைந்தார். 1798இல் ஹோல் பசோல்ற் இனக் கல்லை உலையில் உருக்கினார். விரைந்து குளிர்ந்தது கண்ணாடியாயிற்று. மெல்ல ஆறியதோ மீண்டும் மணிகள் நிறைந்த கல்லாயிற்று.

தீப்பாறைகளின் பாகுபாட்டுக்கும் இதுவே ஓர் அடிப்படை. நிலத்தின் ஆழத்தில் மெல்ல ஆறிய கிறனைற், கப்புரோ என்பன பருமணிப் பாறைகள். மேற்பரப்பில் விரைந்து ஆறிய றயோலைற், பசோல்ற் என்பன நுண்மணிப் பாறைகள். மற்றோர் அடிப்படை சிலிக்காவின் அளவு. கிறனைற்றிலும் றயோலைற்றிலும் அது மிகுதி. ஆதலின் நிறம் வெளிறும். ஏனையிரண்டிலும் குறைவு, நிறம் கறுக்கும்.

தீப்பாறைத் துண்டொன்று கைக்கு எட்டுமாயின், நேயர்கள் அதன் மணிகளை உற்று நோக்குக. அது பிறந்த ஆழத்தை அம்மணிகளே உரைக்கும்.