ஞானஸ்நானமும் அதற்கான ஆயத்தமும்

(பங்கு யூபிலி விழாவையொட்டிப் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் ஆலயம் எழும்பிய வரலாற்றையும், இங்கே உழைத்த குருக்களையும் கன்னியரையும் உபதேசியார்களையும் நினைவுகூருகிறோம். அது நம் கடமையே. ஆனால் ஒரு பங்கின் மெய்யான சரித்திரம் அலுவலக அலமாரியில் அமைதியாக இருக்கிறது. அதுதான் ஞானஸ்நானப் பதிவேடு. பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவின் கையொப்பம் என்று ஒருவருக்குச் சில வரிகள். பின்னர் அவர் உறுதிபூசுதல் பெற்றாலும், எந்த ஊரில் திருமணம் செய்தாலும், குருப்பட்டம் பெற்றாலும், அந்தச் செய்தி இங்கே வந்து அந்த வரிகளின் ஓரத்தில் ஏறுகிறது. நம் கிறிஸ்தவ வாழ்வு முழுவதும் அந்த ஒரு பதிவின்மேல் நிற்கிறது அல்லவா?

அவ்வளவு பெரிய காரியத்திற்கு நாம் செய்யும் ஆயத்தம் என்ன? மண்டபம் பார்க்கிறோம், அழைப்பிதழ் அச்சடிக்கிறோம், வெள்ளைச் சட்டையும் பிரியாணியும் ஏற்பாடு செய்கிறோம். இவை தவறல்ல. ஆனால் குழந்தையின் பெயரில் நாம் சொல்லப்போகும் விசுவாச அறிக்கையை ஒருமுறையாவது நிதானமாக வாசித்தோமா?

ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, பெயர் சூட்டும் சடங்கு அன்று. கிறிஸ்துவோடு மரித்து, அவரோடு உயிர்த்தெழுவதாகும். ஜென்மப் பாவம் நீங்குகிறது, நாம் இறைவனின் பிள்ளைகளாகிறோம், திருச்சபையின் உறுப்புகளாகிறோம். இது இறைவன் இலவசமாகத் தரும் கொடை. கொடைக்குத் தகுதி தேடிக்கொள்ள அன்று, கொடையைக் காப்பாற்றத் தெரிந்துகொள்ளவே ஆயத்தம் வேண்டும்.

நம் தமிழகத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542-இல் புனித சவேரியார் அங்கே வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் அம்மக்களைக் குறை கூறவில்லை. தமிழ் தெரிந்தவர்களைத் துணைக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழில் அமைத்து, கையில் மணியோடு தெருத் தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிப் படிப்பித்தார். கற்ற சிறுவர்கள் வீட்டிலே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர். முன்னே நடக்காத ஆயத்தம் பின்னேயாவது நடந்தது. அதனால்தான் அந்தக் கரையில் விசுவாசம் வேரூன்றி நின்றது.

தொடக்கத் திருச்சபையோ முன்னதாகவே ஆயத்தம் செய்தது. சில இடங்களில் மூன்று ஆண்டுகள் வரை போதனை பெற்று, தவக்காலத்தில் தீவிரமாக ஆயத்தமாகி, பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் இந்தப் பழைய முறையை மீண்டும் கொண்டுவரும்படி பணித்தது. 1972-இல் பெரியவர்களுக்கான புதிய சடங்குமுறை வெளியானது. குழந்தைகளின் சடங்குமுறை 1969-லேயே திருத்தப்பட்டு, பெற்றோரின் பொறுப்பு அதில் முதன்மையாக வைக்கப்பட்டது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் பெற்றோர் ஞானஸ்நானத்திற்கு ஏற்பாடு செய்யவேண்டும். பிறந்த உடனே, ஏன், பிறப்பதற்கு முன்பே பங்குக் குருவைக் காண வேண்டும். குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை சிறிதும் இல்லையானால் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைப்பது மறுப்பதன்று. சாவு ஆபத்திலோ காத்திருக்கத் தேவையில்லை. குரு இல்லாதபோது எவரும், திருச்சபையின் கருத்தோடு, தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது.

ஞானப்பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கச் சங்கிலி போடக்கூடியவர் யார் என்று பார்க்கிறோம். திருச்சபை பார்ப்பது வேறு: பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவர், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவர், விசுவாசத்திற்கேற்ப வாழ்பவர். தாயும் தகப்பனும் தடுமாறும் நாளில் பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துபவரே தலைதொட்டப்பன், தலைதொட்டம்மாள்.

ஞானஸ்நானத்தின் விலையை அறிந்து அதைக் கேட்டவர் ஒருவர் நம் நாட்டில் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையையும் கிறிஸ்துவின் போதனையையும் கேட்டறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் அவருடைய மனைவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் அதே வழியைப் பின்பற்றினார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாருடனும் பழகினார் தேவசகாயம். சிறையும் சித்திரவதையும் வந்தன. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். சரியாக ஆறு ஆண்டு எட்டு மாதம் அவர் தம் ஞானஸ்நானத்தை வாழ்ந்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் பிரித்து வைத்திருந்தது. 1910-இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. ஒரே தண்ணீரில் பிறந்தவர்களுக்கு நடுவே சுவர்! கல்லால் கட்டிய சுவரை இடித்துவிடலாம். கல்லறைத் தோட்டத்திலும், திருமணப் பேச்சிலும், ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதிலும் நாம் மனத்தில் வைத்திருக்கும் சுவரை இடிப்பது யார்? ஞானஸ்நானத்திற்கு ஆயத்தம் என்பது மந்திரம் மனப்பாடம் செய்வது மட்டுமன்று. இதையும் சேர்த்தே ஆயத்தம்.

கார்த்திகைத் தீபம் காண இலட்சக்கணக்கானோர் கூடும் ஊர் இது. ஒளியின் பொருளை நம் ஊராருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்கள் நடுவில் நாம் சிறிய கூட்டம். ஞானஸ்நானத்தன்று பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒரு மெழுகுதிரி நம் தகப்பனார் கையிலோ ஞானத்தந்தை கையிலோ கொடுக்கப்பட்டது. நம் அண்டை வீட்டார் நம் பதிவேட்டைப் படிக்கப்போவதில்லை. நம் வாழ்க்கையைத்தான் படிப்பார்கள்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியம் செய்வோம். ஒவ்வொருவரும் தாம் ஞானஸ்நானம் பெற்ற நாளைக் கேட்டறிந்து, பிறந்தநாளைப் போல் அதையும் கொண்டாடுவோம். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஆயத்த வகுப்புக்குத் தவறாமல் வருவோம். நம் ஞானப்பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறான் என்று விசாரித்து, அவனுக்காக நாள்தோறும் ஒரு ஜெபம் சொல்வோம். நம்மைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர் இந்தப் பங்கையும் நம் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.