நாட்பட்ட வலியும் இணையத்துத் தமிழும்



மூன்று திங்களுக்கு மேலாக நீடிக்கின்ற, அல்லது விட்டுவிட்டுத் திரும்பி வருகின்ற வலியை நாட்பட்ட வலி என்பர் மருத்துவ நூலார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ஆம் ஆண்டு முதல் அது தனியிடம் பெற்று விளங்குகிறது. இத்தகைய வலியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் தமிழ்ச் செய்திகளின் தரத்தையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

தாராவியிலிருந்து சயான் மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் ஏற்றி விற்கச் செல்பவரும், தோற்பட்டறையில் பகலெல்லாம் குனிந்தே அமர்ந்திருப்பவரும் இடுப்பு வலியுடன் அங்கே வரிசையில் நிற்கின்றனர். கூட்டத்தின் மிகுதியால் மருத்துவரிடம் கிடைப்பவை சில நிமிடங்கள். அவையும் பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோ கழிந்துவிடுகின்றன. விளங்காது எஞ்சியதை இரவில் கைப்பேசியில் தமிழிலே தேடுகின்றனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் ஆங்கிலம் கற்ற முதியோரும் இதற்கு விலக்கல்லர். உறவினர் அனுப்பும் காணொளியைத் தாய்மொழியில் கேட்டவுடன் நம்பிவிடுகின்றனர்.

அக்காணொளிகளில் ஓயாது ஒலிப்பது 'தேய்மானம்' என்னும் சொல். எலும்புத் தேய்மானம், மூட்டுத் தேய்மானம், ஜவ்வுத் தேய்மானம்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மீது பெரும் மனக்குறை உண்டு. தேய்வது என்றால் செருப்பும் சக்கரமும் நம் நினைவுக்கு வருகின்றன; பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் பொருள்கள் அவை. இச்சொல்லைக் கேட்டவர் நடந்தால் இன்னும் தேயுமென அஞ்சிப் படுத்துவிடுகிறார். படுத்தால் தசை தளர்கிறது. தசை தளர்ந்தால் வலி மிகுகிறது. கூலி போவது தனிக்கதை.

உண்மை யாது? முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகள் 2015-இல் தொகுத்து வெளியிடப்பெற்றன. இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் அந்தத் 'தேய்மானம்' காணப்பட்டது. அவர்களோ வலியறியாதவர்கள்! ஆகவே பெரும்பாலோர்க்கு இது தலை நரைப்பதைப் போன்ற வயதின் அடையாளமே. வலி பொய்யென்று நாம் கூறவில்லை. படத்தில் தெரியும் மாற்றம் ஒன்றே வலிக்குக் காரணமென முடிவு கட்டுதல் தகாது என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட இடுப்புவலிக்கான நெறிமுறை உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இணையக் கடைகளில் மலிந்துள்ள இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை.

ஒரு செய்தியை நம்புமுன் கேட்கவேண்டிய நான்கினை 1997-இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் வகுத்தளித்தது. எழுதியவர் யார்? ஆதாரம் யாது? எப்பொழுது எழுதப்பட்டது? பணம் யாருடையது? நம் காணொளிகளுள் மிகப்பல இறுதி வினாவிலேயே தோற்கின்றன. பேச்சின் முடிவில் ஒரு தைலமோ சூரணமோ எட்டிப் பார்க்கிறது. வாதநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுத்திருக்கிறது. எனினும் கைப்பேசிக்குள் நடக்கும் வாணிபத்தைச் சட்டத்தின் கை எளிதில் எட்டுவதில்லை.

காலில் வலுக்குறைவு, சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் எதுவேனும் வலியுடன் சேர்ந்து வருமாயின் தேடிக்கொண்டிராது உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும். மற்றையோர் அடுத்த முறை செல்லும்போது, பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு இரண்டு கேள்விகளை இந்தியில் எழுதி எடுத்துச் செல்லலாம்: நான் எவ்வளவு தூரம் நடக்கலாம்? இந்த வலி மாத்திரையை எத்தனை நாள் உண்ணலாம்? இரண்டாம் கேள்வியை விட்டுவிடலாகாது. மாதக்கணக்கில் தாமே வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.