அந்த 1 ரூபாய் எதற்கு?

நடுவர் அவர்களே, உக்கடம் பெரியகுளத்துக் காற்று வீசும் இந்த மாலையில் இந்தப் பட்டிமன்றம் ஒரு கேள்வி கேட்கிறது.

‘உறவை வளர்ப்பது அள்ளிக் கொடுக்கும் கையா, கொடுக்கும்போது காட்டும் பணிவா?’ இதுதான் தலைப்பு. நான் பணிவின் பக்கம் நிற்கிறேன். எதிரணி நண்பர் கையின் பக்கம் நின்றார். காசு வாங்காமல் கொடுத்தால்தான் கொடை, வாங்கினால் வியாபாரம் என்று ஒரே போடாகப் போட்டார். அந்த இடத்தில் கோயம்புத்தூரே எழுந்து நின்று அவரை மறுக்கிறது.

ஆலாந்துறைக்குப் பக்கத்தில் வடிவேலம்பாளையம். அங்கே கமலாத்தாள் பாட்டி முப்பது வருஷத்துக்கும் மேலாக விறகடுப்பில் இட்லி அவித்துப் போட்டவர். முதலில் 50 காசு, பிறகு 1 ரூபாய். 2019இல் அவரைப் பற்றிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கேஸ் அடுப்பு வந்தது. 2022 அன்னையர் தினத்தில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா தரப்பில் புது வீடும் வந்தது. அப்போதும் இட்லி 1 ரூபாய்தான். கூலிக்குப் போகிறவர் காலைச் சாப்பாட்டுக்கே காசைக் கரைத்தால் வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்பது பாட்டியின் கவலை.

சரி, சும்மாவே கொடுத்திருக்கலாமே? அந்த 1 ரூபாய் எதற்கு?

இங்கேதான் நடுவர் அவர்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சும்மா கிடைக்கும் இலையின் முன் உட்கார்ந்தவருக்கு இன்னொரு இட்லி கேட்க வாய் வராது. காசு கொடுத்தவர் கேட்பார். ‘சட்னி இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க பாட்டி, காரம் பத்தலைங்க’ என்று குறைகூடச் சொல்வார். குறை சொல்லும் உரிமை இருக்கிற இடத்தில்தான் உறவு இருக்கிறது. அந்த உரிமையைச் சாப்பிட வந்தவருக்குக் கொடுத்தது அந்த ஒற்றை ரூபாய். பாட்டி தன் கொடையை ஒரு விலைக்குள் மறைத்துவைத்தாரே, பணிவு என்பது அதுதானுங்க!

சித்தாபுதூரில் டாக்டர் பாலசுப்பிரமணியம் இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘இருபது ரூபாய் டாக்டர்’. 2 ரூபாயில் ஆரம்பித்த ஃபீஸ் கடைசியில் 20 ரூபாயில் நின்றது. அதுவும் இல்லாதவரிடம் அவர் கேட்டதில்லை. 2016 நவம்பரில் அவர் காலமானபோது, அந்த 20 ரூபாயைக் கொடுத்து ஊசி போட்டுக்கொண்ட குடும்பங்கள் அஞ்சலி செலுத்தத் திரண்டன. அங்கே நின்ற கூட்டம் பயனாளிகள் பட்டியல் அல்ல, சொந்தக்காரர் கூட்டம்.

சிங்காநல்லூர் சாந்தி சோஷியல் சர்வீசஸைத் தெரியாதவர் இங்கே யார்? சாந்தி கியர்ஸ் சுப்பிரமணியம் 1996இல் தொடங்கியது. கேன்டீனில் குறைந்த விலைக்குச் சாப்பாடு, குறைந்த கட்டணத்தில் மருத்துவம், மருந்து. கேன்டீனில் காரில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்று டோக்கன் வாங்குகிறார்கள். யார் ஏழை என்று யாருக்கும் தெரியாது. அதைச் செய்தவரோ விளம்பரத்தின் பக்கமே போகாதவர். 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். மறு வருஷம் பத்மஸ்ரீ விருது அவர் பெயரைத் தேடி வந்தது.

1 ரூபாய்கூட இல்லாதவர் என்ன செய்வார் என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. வெள்ளத்திலும் விபத்திலும் சும்மாதான் கொடுக்க வேண்டும். ஆனால் அப்போதும் கொடுப்பவர் போட்டோவுக்கு நின்றால், வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மறுநாள் வழியில் பார்த்தாலும் ஒதுங்கித்தான் போவார். பொருள் போய்ச் சேர்ந்தது, உறவு சேரவில்லை.

சும்மா கொடுத்தாலும் பணிவு இருந்தால் உறவு சேரும். அதற்கு இந்த உக்கடத்துக்கே வருவோம். ரம்ஜான் மாதத்து மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள். தூக்குப்போசியோடு எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு போசி போகிறது. கஞ்சி குடித்த வீட்டம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதோடு விடுவதில்லை. வெறும் போசியாகத் திருப்பிக் கொடுக்க மனசு வராது. நாலு வாழைப்பழமோ, ஒரு கை முறுக்கோ போட்டுத்தான் அனுப்புவார். கொடுத்த வீடும் ‘எதுக்குங்க இதெல்லாம்’ என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ளும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் நீட்டிய அந்த இரண்டு கைகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்க. முதலில் கஞ்சியைக் கொடுத்த கைகள்தான் அவை.