உலாவியும் எழுத்துரிமையும்



மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்தம் கடிதங்களுக்குக் காத்திருந்து பழகிய ஊர் கூத்தாநல்லூர். இணையத்தில் தமிழ் ஏறிய கதையும் அந்தத் திசையிலேயே தொடங்குகிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று இணையத்தில் வெளியாயிற்று. அதில் தமிழ்க் கவிதைகள் இடம்பெற வழி செய்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இணையம் கண்ட தொடக்ககாலத் தமிழ், கவிதையே என்பது இந்த அவை பெருமை கொள்ளத்தக்க செய்தி.

ஆனால் ஏறிய தமிழை எல்லோராலும் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அது கணிப்பொறியில் இல்லையேல், திரையில் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளே தெரிந்தன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது; எனினும் அது பரவப் பல்லாண்டுகள் ஆயின.

இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். 2003ஆம் ஆண்டளவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கையாண்டது இன்டர்நெட் எக்ஸ்புளோரர். விண்டோசுடன் சேர்ந்தே வந்த அதைப் பெரும்பாலோர் தேர்ந்துகொள்ளவில்லை, ஏற்றுக்கொண்டனர். 1998இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்து வைத்தது. அதிலிருந்து எழுந்த மொசில்லா திட்டம், 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் உலாவியின் முதற்பதிப்பை வெளியிட்டது.

பயர்பாக்சில் எவரும் துணைநிரல் எழுதிச் சேர்க்கலாம். இங்கேதான் தமிழர் நுழைந்தனர். ‘தமிழ்விசை’ என்ற துணைநிரல், வேறு மென்பொருள் இன்றி உலாவிக்குள்ளேயே தமிழ் தட்டச்சு செய்ய உதவியது. ‘பத்மா’ என்ற துணைநிரல், பல இந்திய மொழிகளின் பழைய எழுத்துருப் பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. இது எளிய வேலையன்று. ‘கொ’ என்பதைப் பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாக வைத்தன. ஒருங்குறியோ ஒலியின் வரிசையில் ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கிறது. எழுத்துதோறும் இந்த இடமாற்றம் நிகழவேண்டும்.

குறைகளும் இருந்தன. இருபுறமும் ஓரம் சீராக்கிய பத்திகளில் பயர்பாக்ஸ் தமிழ் எழுத்துகளை உடைத்துக் காட்டியது. 2008 ஜூனில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே அது தீர்ந்தது. விசைப்பலகையைச் சேர்த்தும், தமிழுக்கு ஏற்ற எழுத்துருவையும் அளவையும் அமைப்புகளில் தெரிவு செய்தும், வாசகர் உலாவியைத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டனர். ஆற்றுநீர் எல்லோருக்கும் பொது. தன் வயலுக்கு மடை திறப்பது உழவன் கை. அந்தக் கை வாசகனுக்குக் கிடைத்தது.

ஆயினும் எந்தத் திருத்தமும் நிலையானதன்று. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பில், பழைய முறையில் எழுதப்பட்ட துணைநிரல்கள் யாவும் செயலிழந்தன. எழுதிய அன்பர்கள் புதுப்பித்தால் உண்டு, இல்லையேல் இல்லை. கருவியைத் திருத்தும் உரிமை வேண்டும். ஆனால் கவிதையின் ஆயுளைக் கருவியிடம் ஒப்படைக்கலாகாது.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டில் எண்ணிப் பார்க்கவேண்டியது இதுவே. 1990களில் அச்சகங்களிலும் வீடுகளிலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கவிதைகள், குறுவட்டுகளிலும் பழைய கணிப்பொறிகளிலும் உறங்குகின்றன. அவற்றுக்குரிய எழுத்துரு தொலைந்தால், கோப்பு இருந்தும் கவிதையைப் படிப்பது அரிதாகும். மாற்றித் தரும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. மாற்றியபின் வரிவரியாகச் சரிபார்க்க, அந்தக் கவிதையை எழுதியவரும் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி நடைபெறவேண்டும். ஐயமான ஓர் எழுத்தைத் தீர்த்துச் சொல்ல அவரினும் நல்ல சான்று வேறில்லை.