உயிரின் எழுத்துகளுக்குப் புதிய நார்



புனே நகரின் பாஷாண் பகுதியில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பண்டித நேரு அவர்களால் திறந்து வைக்கப்பெற்ற நிலையம் அது. தொழில்துறைக்கான ஆராய்ச்சிகளுக்கே அது பெரிதும் பெயர் பெற்றது. ஆயினும், உயிரின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வுக்கு மாற்றாக மனிதன் ஒரு மூலக்கூற்றைச் சமைத்துவிட முடியுமா என்னும் வினாவுக்கும் அங்கே பல ஆண்டுகள் விடை தேடப்பட்டது. அவ்வழியே நாள்தோறும் சென்றுவரும் நம்மவரில் பலர் இதனை அறியார். இன்று அதைக் குறித்துச் சிறிது பேசுவோம்.

நம்மூரில் மல்லிகையை வாழைநாரில் தொடுப்பர். இங்கே ஊசிகொண்டு நூலில் கோப்பர். நார் வேறாயினும் பூ அதுவே, மணமும் அதுவே. டி.என்.ஏ.யும் இத்தகையதொரு சரந்தான். அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்னும் நான்கு மூலங்களே பூக்கள். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிப் பிணைந்து வரும் நெடுந்தொடரே நார். இரண்டு சரங்கள் எதிரெதிரே நின்று, அடினைன் தைமினையும், குவானைன் சைட்டோசினையும் பற்றிக்கொண்டு முறுகி நிற்கின்றன. 1953-இல் வாட்ஸனும் கிரிக்கும் அறிவித்த அமைப்பு இதுவே. செய்தி முழுவதும் பூக்களின் வரிசையில்தான் இருக்கிறது. அங்ஙனமாயின், பூக்களை அப்படியே வைத்துக்கொண்டு நாரை மட்டும் மாற்றிவிட்டால் என்ன?

1991-இல் கோப்பன்ஹேகனில் நீல்சன், எக்ஹோல்ம், பெர்க், புக்கார்ட் என்னும் நால்வர் அதைச் செய்து காட்டினர். சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் அறவே நீக்கிவிட்டு, புரதங்களில் காணப்படுவதைப் போன்ற பிணைப்புகளால் ஆன ஒரு தொடரில் டி.என்.ஏ.யின் பூவைத் தொடுத்தனர். அதற்குப் பெப்டைடு நியூக்ளிக் அமிலம், சுருக்கமாகப் பி.என்.ஏ., என்று பெயரிட்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்றே நகைப்பைத் தருகிறது. பாஸ்பேட்டு போனபோதே அமிலத் தன்மையும் போய்விட்டது. பெயரில் மட்டும் அமிலம் தங்கிவிட்டது!

அந்தப் பாஸ்பேட்டு போனதில்தான் பெரும் பயன் விளைந்தது. இயற்கையான இரு சரங்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று ஓரளவு விலக்கிக்கொண்டே இணைந்திருக்கின்றன. பி.என்.ஏ.வில் அம்மின்னூட்டம் இல்லை. ஆதலால் அது டி.என்.ஏ.யை மிக இறுக்கமாகப் பற்றுகிறது. மேலும், நம் உடலில் அயலான டி.என்.ஏ. துண்டுகளை அரித்துத் தள்ளும் நொதிகள் இந்தப் புதிய நாரை இன்னதென்று அறிவதில்லை. அதனால் அதைத் தீண்டுவதுமில்லை. நோய்க்குக் காரணமான ஒரு மரபுச் செய்தியைத் தேடிப் பிடித்து அடைத்துவிட இதனினும் நல்ல கருவி வேண்டுமோ?

வேண்டும் என்பதே அனுபவம் தந்த விடை. பி.என்.ஏ. நீரில் எளிதிற் கரைவதில்லை. உயிரணுவின் சுவரைக் கடந்து உள்ளே செல்வதில்லை. இப்படியும் அப்படியுமாக இரு திசைகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. டி.என்.ஏ. எது, ஆர்.என்.ஏ. எது என்று பிரித்தறிவதிலும் தேர்ந்ததன்று. இக்குறைகளைக் களையும் முயற்சியில்தான் புனே முன்வந்தது. தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் கே. என். கணேஷ், டாக்டர் வைஜயந்தி குமார் ஆகியோரும் அவர்தம் மாணவர்களும் அந்த நாரையே திருத்தி அமைக்கலாயினர். நெகிழ்ந்து துவளும் தொடரில் சிறு வளையங்களைப் பொருத்தினால் அது குறித்த வடிவில் நிற்கும் என்பது அவர்கள் கருத்து. புரோலின் என்னும் அமினோ அமிலத்தின் ஐந்தணு வளையத்தைப் பொருத்திப் பார்த்தனர். பின்னர் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையத்தைப் பொருத்தினர். அவ்வாறு வளையம் பெற்ற பி.என்.ஏ. ஒன்று, டி.என்.ஏ.யை விட்டு ஆர்.என்.ஏ.யையே பெரிதும் நாடிச் சேர்வதை 2005-இல் அவர்கள் அறிவித்தனர்.

இதன் அருமையை அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்கள் எளிதில் உணர்வர். டி.என்.ஏ. என்பது பெட்டகத்திலுள்ள மூலப் பத்திரம், ஆர்.என்.ஏ. அதிலிருந்து எடுத்து அனுப்பப்படும் நகல். தவறான ஆணை ஒன்று வெளியே செல்லாமல் தடுக்க வேண்டுமெனில் நகலை நிறுத்தினாற் போதும். பெட்டகத்தில் கைவைக்க வேண்டுவதில்லை.

இத்துறையில் நம் நாட்டவருக்கு முன்பே பங்குண்டு. 1968-இல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானா, 1970-இல் ஒரு மரபணுவை முழுவதுமாக ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கியதை அறிவித்தார். ஆனால் அவர் இயற்கையின் நாரையே கையாண்டார். 2012-இல் கேம்பிரிட்ஜில், நம் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பணியாற்றிய அதே மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில், பிலிப் ஹோலிகர் குழுவினர் வேறொரு படி ஏறினர். ஆறு வகையான செயற்கை நார்களில் டி.என்.ஏ.யின் செய்தியை எழுதவும், மீண்டும் அதைப் படித்தெடுக்கவும் வல்ல நொதிகளை அவர்கள் உருவாக்கினர். மரபுச் செய்தியைத் தாங்கும் ஆற்றல் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய இரண்டுக்கு மட்டுமே உரியதன்று என்பது அன்று தெளிவாயிற்று.

இத்தகைய பொருள் தப்பி வெளியேறிப் பெருகிவிடாதோ என்று அஞ்சுவோரும் உளர். அச்சம் இயல்பே. ஆயினும், மனிதன் வகுத்துத் தரும் நொதியும் மூலப்பொருளும் இன்றி இந்தச் சரங்கள் தம்மைப் படியெடுத்துக்கொள்ள மாட்டா. விலையைக் குறித்த அச்சமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. முதுகுத்தண்டு நரம்பணுக்கள் நலிந்து, குழந்தைகளின் தசைகள் வலுவிழக்கும் கொடிய நோய் ஒன்றுண்டு. அதற்கு 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த நுசினெர்சன் என்னும் மருந்தும் நார் திருத்தப்பெற்ற ஒரு சரமே. தொடக்க ஊசிகளுக்குப் பின் நான்கு மாதத்திற்கு ஒருமுறை போட்டாற் போதும். அத்துணை நாள் அழியாது நிற்கிறது. ஆனால் முதலாண்டுச் சிகிச்சைக்கு அங்கே குறிக்கப்பட்ட விலை 7,50,000 டாலர். எந்தத் தமிழ்க் குடும்பம் இதைத் தாங்கும்? இந்த வித்தையை நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் கைவரப் பெற்றிருப்பது வெறும் அறிவு விளையாட்டன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

பி.என்.ஏ.யைப் பொறுத்தவரை, இரத்தத்திற் கலந்த நோய்க்கிருமி இன்னதென்று கண்டறியும் சோதனைகளில் அது முன்னரே இடம்பெற்றுவிட்டது. ஒளிரும் சாயம் ஒன்றை அதனோடு சேர்த்துவிடுவர். உயிரணுவுக்குள் அதைப் புகுத்துவதுதான் கடினமான பகுதி. 2006-இல் அதே பாஷாணில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது கணேஷ் அதன் முதல் இயக்குநரானார். அங்கே அவரது குழு நாரில் புளோரின் அணுக்களைச் சேர்த்துப் பார்த்தது. புளோரின் ஏற்ற சரங்கள், ஏலாதவற்றினும் எளிதாக உயிரணுவுக்குள் புகுந்ததை 2015-இல் வெளியிட்டது.