பெயரின்றிப் போனவர்கள்

(கிராமக் கூட்டுறவு நாணயச் சங்கமொன்றின் மகாசபையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நான் இம்மேடையில் ஏறினால் வாயிதா தவறிய பாக்கிகளைப் பற்றியே பேசுவேன் என்பது நீங்கள் அறிந்த விஷயம். இன்றும் ஒரு பாக்கியைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். ஆனால் அது அங்கத்தினர் எவரும் சங்கத்துக்குச் செலுத்தவேண்டிய பாக்கியன்று. ஊரார் அனைவரும் சேர்ந்து செலுத்தவேண்டிய பாக்கி அது. நம் கிராமங்களிலிருந்து யுத்தத்திற்குப் போனவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனையே குறிப்பிடுகிறேன். அடியேன் மெட்ரிகுலேஷன் வரையில் வாசித்தவன், சரித்திர பண்டிதனல்லன். கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பதே என் தொழில். ஆகையால் இவ்விஷயத்தையும் கணக்குப் பார்ப்பவன் கண்கொண்டே சொல்லுகிறேன்.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு வீசிற்று. கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. பட்டணத்து ஜனங்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினர். அவ்வருஷம் நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய ஸிட்னியால் அடிபட்டு அந்த எம்டன் ஒழிந்தது. ஆயினும் அதன் பெயர் நம் பாஷையில் தங்கிவிட்டது. சாமர்த்தியக்காரன் ஒருவனைக் கண்டால் ‘அவன் பெரிய எம்டன்’ என்று எழுத்தறியாத கிழவியுங்கூடச் சொல்லுவாள். நம்மைத் தாக்க வந்த கப்பலின் பெயரை நாம் மறக்கவில்லை. அதே யுத்தத்தில் நம் தெருவிலிருந்து புறப்பட்டுப் போனவனுடைய பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லக்கூடும்?

1914 முதல் 1918 வரையில் நடந்த முதல் மகாயுத்தத்தில் இந்நாட்டிலிருந்து பத்து லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து சென்றார்கள். அவர்களில் 74,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1939-ல் தொடங்கி 1945-ல் முடிந்த இரண்டாம் யுத்தத்தில் நம் சேனை 25 லட்சமாகப் பெருகிற்று. ஏறக்குறைய 87,000 பேர் உயிரிழந்தார்கள். நம் மாகாணத்தார் பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் முதலிய வேலைகளைச் செய்த சென்னை ஸாப்பர்கள் படையிலும், காலாட்படைகளிலும், பயனியர் படைகளிலும் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்கா, மெஸபொடேமியா, இத்தாலி, பர்மா முதலிய தேசங்களில் ஊழியம் புரிந்தார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் உள்ளபடி சொல்லவேண்டும். வீரத்தை நாடிப் போனவர் உண்டு. தகப்பனும் பாட்டனும் சிப்பாயாயிருந்த வழக்கத்தால் போனவர் உண்டு. மழை பொய்த்ததாலும் கடன் மிகுந்ததாலும் போனவர் அநேகர். 1914-ல் காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். அந்தப் பதினொரு ரூபாயில் மிச்சம்பிடித்து மணியார்டர் அனுப்பினால் வட்டிக்காரனிடம் ஈடாயிருக்கும் நிலத்தை மீட்கலாம் என்று எண்ணியவர்கள் நம்மைப்போன்ற குடியானவர்களே. நம் மாகாணத்தின் முதல் விவசாய நாணயச் சங்கம் திரூரில் ஏற்பட்டது 1904-ல். பத்து வருஷத்திற்குள் எல்லாக் கிராமங்களுக்கும் அவ்வுதவி எட்டிவிடவில்லை. சங்கம் எட்டாத வீட்டிலிருந்து பிள்ளை பட்டாளத்திற்குப் போனான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி நான் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். என் சரகத்திலுள்ள ஒரு கிராமத்துச் சாவடிச் சுவரில் ஒரு சிறிய சலவைக்கல் பதிந்திருக்கிறது. மூன்று வருஷகாலம் நான் அவ்வூருக்குப் போகும்போதெல்லாம் என் சைக்கிளை அக்கல்லின்மேல் சாத்திவந்தேன். சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து மறைந்திருந்தது. ஒருநாள் மழையில் சுண்ணாம்பு கரையவே எழுத்துப் புலப்பட்டது. இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்திற்குச் சென்றனர். அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பதே அதன் பொருள். முதல் யுத்தம் முடிந்தபின் இத்தேசத்துக் கிராமங்கள் பலவற்றில் இத்தகைய கற்கள் நாட்டப்பட்டன. நான் நாணமடைந்து சைக்கிளை அப்புறப்படுத்தினேன். கல்லை மறுபடி வாசித்தபோதுதான் வேறொன்று மனத்தில் உறுத்திற்று. கல்லில் எண்ணிக்கை இருந்தது. ஒருவர் பெயரும் இல்லை.

இக்குறை நம் சாவடியோடு நிற்கவில்லை. மெஸபொடேமியாவில் மாண்டு, கல்லறை தெரியாமற் போனவர்களுக்காக பாஸ்ரா நகரில் 1929-ல் ஒரு ஞாபகச்சின்னம் திறக்கப்பட்டது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களும், நம்மவர்களில் உத்தியோகஸ்தர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ, இன்ன படையில் இத்தனை பேர் என்று தொகையாக மட்டும் காட்டப்பட்டார்கள். 1931-ல் திறக்கப்பட்ட டில்லி நினைவு வளைவில் காணும் பெயர்கள் 13,000-க்குச் சற்று அதிகம். முதல் யுத்தத்தில் மாண்டவர்களோ 74,000 பேருக்கு மேல். போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையமே 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இவ்வேற்றுமையை ஆராய்ந்து, இது அநீதியென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்தேனும் கணக்கிலுள்ள பிழையை ஒப்புக்கொண்டது நல்லதே. ஆனால் பிழையைத் திருத்தவேண்டுமானால் பெயர் வேண்டும். அப்பெயர்களிற் சில ஊராரிடத்திலேயே கிடைக்கும்.

பெயர் முற்றிலும் அழிந்துபோயிற்று என்று நினைத்துவிடலாகாது. முதல் யுத்தத்தில் ஊழியம் செய்தவர்களுக்கு அளிக்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சிப்பாயின் எண், பெயர், படை ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். கூலிப்படைகளில் உழைத்தவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தது. மாண்டவர் வீட்டுக்கு வட்டமான வெண்கலத் தகடொன்று வந்தது. அதில் பதவி குறிக்கப்படவில்லை, பெயர் மட்டுமே உண்டு. மரணத்தில் உயர்வு தாழ்வில்லை என்பது கருத்து. இப்பதக்கங்களிற் பல பஞ்சகாலத்தில் தட்டான் பட்டறைக்குப் போய் உருகிவிட்டன. எஞ்சியவை சில வீடுகளில் குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டியிற் கிடக்கின்றன. தயவுசெய்து இன்றே தேடி எடுங்கள்.

பெயர் நிலைத்துநின்ற ஒருவரையும் சொல்லவேண்டும். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து சென்று சென்னை ஸாப்பர்கள் படையில் சுபேதாராயிருந்தவர் சுப்பிரமணியம். 1944-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி இத்தாலி தேசத்தில் மின்யானோ என்னுமிடத்தருகே அவரும் அவர் கீழிருந்தவர்களும் கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தில் வழி திறந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு வெடி தூண்டப்பட்டது. அவ்வகை வெடி முதலிற் சிறு ஓசை செய்து, சில விநாடி கழித்தே மேலெழும்பிச் சிதறும். அச்சில விநாடிகளில் ஒருவன் விலகி ஓடலாம்; தரையோடு தரையாய்ப் படுத்துக்கொள்ளலாம். சுபேதாரோ வெடியின்மேல் தம் சரீரத்தைக் கிடத்தி, உடனிருந்தவர்களைக் காத்துத் தாம் மாண்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய பதக்கம் அளிக்கப்பட்டது. நம் சங்கங்களில் ஜாமீன் நிற்பது என்கிறோமே, பிறருக்கு ஜாமீன் நிற்பதன் எல்லை அதுதான்.

ஊரிலிருந்தபடியே ஜாமீன் நின்றவர்களும் உண்டு. ஒரு பழைய சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினேன். இரண்டாம் யுத்தத்தின் முற்பகுதியில் அங்கத்தினர் ஒருவர் உழவுமாடு வாங்கக் கடன் பெற்று, பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். பின்பு பட்டாளத்தில் சேர்ந்து மலாய் நாட்டுக்குப் போனார். 1942-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. நம் சிப்பாய்கள் பதினாயிரக்கணக்கில் சிறைப்பட்டனர். அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. இருக்கிறாரோ இல்லையோ என்று மனைவிக்கும் தெரியவில்லை. தவணை தவறியது. மாட்டை ஜப்தி செய்யவேண்டுமென்று பஞ்சாயத்தார் சிலர் கூறினர். அப்போது ஜாமீன்தாரராகிய பக்கத்து நிலத்துக்காரர், ‘அவன் வரும்வரையில் நான் கட்டுகிறேன், மாட்டைத் தொடவேண்டாம்’ என்று சொன்னதாகத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. அதற்கப்பால் மூன்று வருஷம் ரொக்கப் புத்தகத்தில் அந்த ஜாமீன்தாரர் பெயரிலேயே வரவு. யுத்தம் முடிந்தபின் உள்ள ஒரு பக்கத்தில் கடைசி வரவு காண்கிறது. அதனெதிரில், கடன் வாங்கியவரே தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார். ரேகை வைத்துப் போனவர் எழுதக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். ஜாமீன்தாரர் முதலை மட்டும் வாங்கிக்கொண்டு வட்டியை மறுத்துவிட்டார் என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார்.

மற்றொரு சங்கத்தின் புத்தகமும் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கும் மகன் யுத்தத்தில், தவணை தவறியது, தாயாரின் கறவைமாடு ஏலத்திற்குப் போயிற்று. சில மாதங்களில் மகன் பர்மாவில் மாண்ட செய்தி வந்தது. கணக்கு ஒழுங்காகவே இருந்தது. தணிக்கையில் ஒரு குறையும் சொல்ல இடமில்லை. ஆயினும் அப்பக்கத்தில் கையொப்பமிட்டவர்களை எண்ணி எனக்கு மனம் கூசிற்று. சேவையிலிருக்கும் சிப்பாய்மீது அவன் வந்து வழக்காட முடியாத காலத்தில் சிவில் கோர்ட்டு அல்லது ரெவினியூ கோர்ட்டு தீர்ப்புச் செய்துவிடாமற் காப்பதற்கென்று 1925-ம் வருஷத்துச் சட்டமொன்று உண்டு. வழக்கை அவன் வரும்வரை ஒத்திவைக்க அது வழிசெய்கிறது. கோர்ட்டுக்கே அந்த இரக்கம் விதிக்கப்பட்டிருக்க, ஒருவருக்கொருவர் உதவுவதற்கென்று கூடிய சங்கம் அதனினும் கடுமையாக இருக்கலாமா?

வேறு வழியிற் சென்றவர்களையும் விலக்கலாகாது. சிங்கப்பூரில் சிறைப்பட்டவர்களிற் பலரும், மலாய்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களிற் பலரும் 1943 முதல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி அதன் பெண்கள் படைக்குத் தலைமை வகித்தார். 1972-ல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குப் பென்ஷன் திட்டம் ஏற்படும்வரையில் அப்படையினர் பலர் வறுமையில் வாடினர். ஒரே தெருவில் இவர் ஒரு படையிலும் அவர் மற்றொரு படையிலும் இருந்திருக்கலாம். ஊர்க் கணக்கில் இருவருக்கும் இடம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமலிருக்க முடியவில்லை. பட்டாளத்தில் ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கி, ஊர் திரும்பியவர்களிற் பலரை, ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் நாம் விடவில்லை. பாலம் கட்டவும் பாதை போடவும் அறிந்து வந்தவரிடம் நம் வாய்க்கால் மதகைப் பற்றி ஒரு யோசனையும் கேட்கவில்லை. அவர்களுக்கு இழைத்த நஷ்டம் நமக்கும் நஷ்டமாயிற்று.

ஆகவே நான் கேட்பது யாதெனில்: பெரிய மண்டபமும் சிலையும் வேண்டியதில்லை. நம் சங்கத்தில் அங்கத்தினர் பதிவேடு இருப்பதுபோல, நாற்பது பக்கத்து நோட்டுப் புத்தகமொன்றில் ‘ஊர்ப் படைவீரர் பதிவேடு’ ஒன்று தொடங்குங்கள். பெயர், தகப்பனார் பெயர், தெரு, படை, சேனை எண், சென்ற தேசம், திரும்பினாரா இல்லையா, இன்று அவர் வீட்டார் யார் என்பவற்றைப் பத்தி பத்தியாக எழுதுங்கள். இரண்டு மகாயுத்தங்களுக்குப் பின் 1962, 1965, 1971, 1999 ஆகிய வருஷங்களின் யுத்தங்களுக்குப் போனவர்களையும் சேருங்கள். பதக்கத்தின் விளிம்பு, விடுதலைச் சான்று, பழைய மணியார்டர் ரசீது ஆகியவை ஆதாரமாகும். போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவுகளிற் பல இடங்களில் தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் உண்டு. கணினி தெரிந்த நம் பிள்ளைகள் தேடித் தருவார்கள். எல்லாத் தெருக்களுக்கும் ஒரே புத்தகம். தெருவுக்கொரு புத்தகம் வைத்தால் அதில் நான் கையொப்பமிடமாட்டேன்.

உயிரோடிருக்கும் முன்னாள் வீரர்களுக்கும், வீரர்களின் விதவைகளுக்கும் பென்ஷன் காகிதங்களில் குறையிருந்தால், காரியதரிசி அவர்கள் ஒருநாள் உடன் சென்று ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டிவரட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத ஒரு கிழவிக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. 1949 முதல் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 7-ந் தேதி படைவீரர் கொடிநாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. அன்று சங்கத்து வாசலில் கூடி அப்பதிவேட்டின் பெயர்களை உரக்க வாசியுங்கள். வாசிக்கப் பத்து நிமிஷம் போதும்.

நான் சொன்ன சாவடிக் கல்லிலுள்ள தொகையில் இதுவரையில் நான்கு பெயர்களை அவ்வூரார் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று பதக்கத்தில் கிடைத்தது. ஒன்று பழைய அடமானப் பத்திரத்தில். இரண்டு ஒரு மூதாட்டியின் ஞாபகத்தில். மற்றவை இன்னும் நிலுவையில் இருக்கின்றன. அடுத்த தடவை நான் தணிக்கைக்கு வரும்போது, உங்கள் ரொக்கப் புத்தகத்திற்கு முன்னால் அந்தப் பதிவேட்டைத்தான் கேட்பேன்.